அடுத்த வரி இல்லாத குறிப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல. என் ஓரகத்தியிடமிருந்து எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள். கேட்டுக்கொண்டே நான் மூன்று தலையணை உறைகளைத் தப்பாக மடித்தேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "அக்கா, இதை எழுதிடாதீங்க" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆகவே எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

(இந்த "ஆகவே" சரியில்லை. பிறகு பார்க்கிறேன்.)

அவளை இங்கே சின்னவள் என்று சொல்கிறேன். என் மாமியார் அப்படித்தான் கூப்பிடுகிறார். நான் பெரியவள், அவள் சின்னவள். அவள் கணவன் என் கொழுந்தன். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டம் பூட்டு. எதைக் கேட்டாலும் பதில் வருவதற்குள் நாம் சாவி தேடி அலைய வேண்டும் என்பதால். கல்யாணமாகி எட்டு மாதம். இருவரும் ஒரே அலுவலகம், ஒரே மாடி, ஆறு நாற்காலி இடைவெளி.

நான் இதுவரை இருபத்திரண்டு குடும்ப நாவல்கள் எழுதியிருக்கிறேன். படித்துக்கொண்டே பாலைப் பொங்கவிட்டதாக வாசகிகள் கடிதம் போடுவார்கள். என் கதாநாயகர்கள் பலர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். என்ன செய்கிறார்கள் என்று நான் எழுதியதே இல்லை, எனக்குத் தெரியாது. கதாநாயகி காபி கொண்டுவந்ததும் அவர்கள் கணினியை மூடிவிடுவார்கள். இந்த முறை அப்படித் தப்பிக்க முடியாது. இந்தக் கணவனும் மனைவியும் சண்டை போட்டதே கணினிக்குள்தான்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தன் வேலை போய்விடும் என்று சின்னவளுக்குத் தெரியும்." இது பொய். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாததுதான் பிரச்சினை.

"கணவன் பேசாமல் இருப்பதற்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம் என்று" — இது என் இருபத்திரண்டு நாவல்களுக்கும் பொருந்தும் வரி. விட்டுவிட்டேன்.

"சீப்பு என்று அந்தக் கருவிக்குப் பெயர் வைத்தது சின்னவள்தான்." இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் சீப்பு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். மாமியார் மதியத் தூக்கத்திலிருந்து எழுவதற்குள் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

2

அவர்கள் அலுவலகம் குளிர் அறைகளைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொள்கிறது. மீன், பூ, மருந்து, தடுப்பூசி என்று யார் யாரோ வைத்திருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு குளிர் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு கோப்பு. எவ்வளவு குளிர் இருக்க வேண்டும், சூடு ஏறினால் எத்தனை நிமிடம் பொறுத்து மணி அடிக்க வேண்டும், யாருக்கு போன் போக வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். இயந்திரம் அதைப் படித்து அதன்படி நடக்கும். அன்று மதியம் சமையலறையில், சின்னவள் காய்கறிப் பலகையில் ஈர விரலால் எனக்கு எழுதிக் காட்டினாள். நம் எழுத்தில் போட்டால் ஏறக்குறைய இப்படி:

அறை 7 {
    குளிர் = 4
    பொறுத்திரு = 5
    அழை = காவலாளி
}

இதற்கு நடுவில் # என்று போட்டு எதை எழுதினாலும் இயந்திரம் கண்டுகொள்ளாது. அது மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிக்கொள்ளும் குறிப்பு.

# இந்தக் குறியை நானும் கடன் வாங்கிக்கொள்கிறேன். கதை மட்டும் போதும் என்பவர்கள் இயந்திரம் போல இந்த வரிகளைத் தாண்டிப் போகலாம்.

ஒன்பது வருடங்களில் பதினொரு பேர் அந்தக் கோப்புகளை எழுதியிருந்தார்கள். ஒருவர் தாராளமாக இடம் விடுவார். இன்னொருவர் பேருந்தில் ஆள் ஏற்றுவதுபோல எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைப்பார். சின்னவள் எங்கள் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறவள். அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து ஒரு கருவி எழுதினாள். அதுதான் சீப்பு.

சீப்பு ஒரு கோப்பை எடுத்து முதலில் துண்டு துண்டாகப் பிரிக்கும். இது பெயர், இது சமக்குறி, இது எண். பிறகு துண்டுகளைச் சேர்த்துத் தனக்குள் ஒரு மரம் கட்டும். அறை ஒரு கிளை, குளிரும் பொறுத்திருப்பதும் அதில் இலைகள். மரம் நின்றதும் பழைய எழுத்தை அப்படியே மறந்துவிட்டு, மரத்தைப் பார்த்துப் புதிதாக எழுதும். எல்லாக் கோப்பும் ஒரே வகிடு, ஒரே படிமானம்.

குறிப்புகள் என்ன ஆகும் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டினாள். மரத்தில் அவற்றுக்கு இடம் கிடையாது, இலையும் இல்லை கிளையும் இல்லை. சின்னவள் அதை மறக்கவில்லை. ஒவ்வொரு குறிப்பும் தனக்குக் கீழே வரும் வரிக்குச் சொந்தம் என்று ஒரு விதி வைத்து, அந்த இலையோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். சோதித்தாள். வாரியதையே மறுபடி வாரவிட்டு, ஒரு முடிகூட இடம் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

# பழைய எழுத்தை மறந்துவிடும் என்று அவள் சொன்னபோது நான் உறையின் மூலையைத் தேடிக்கொண்டிருந்தேன். கதை அந்த வார்த்தையில்தான் இருந்தது.

ஒரு புதன்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளையும் ஒரே மூச்சில் வாரினாள். பதினாலாயிரம் வரிகள். பிரிவுத் தலைவர் எல்லாரையும் எழுந்து நின்று கைதட்ட வைத்தார். பூட்டும் தட்டினான், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு.

ஒரே ஒரு சங்கடம். எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று அங்கே ஒரு பதிவு இருக்கிறது. அன்றிலிருந்து எந்த வரியைக் கேட்டாலும் சின்னவள் பெயரே வந்தது. வீட்டை ஒரு நாள் முழுக்க ஒழித்து அடுக்கியவளிடம்தானே அதற்குப் பிறகு கத்தரிக்கோல் எங்கே, குடை எங்கே, போன வருஷத்து ரசீது எங்கே என்று எல்லாரும் கேட்பார்கள். அப்படி ஆகிவிட்டது.

3

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் ஏழாம் எண் அறையில் குளிர் இயந்திரம் நின்றுபோனது. குழந்தைகளுக்கான தடுப்பூசி வைத்திருந்த அறை. ஐந்தாவது நிமிடத்தில் மணி அடித்திருக்க வேண்டும். தொண்ணூறாவது நிமிடத்தில் அடித்தது. உள்ளே இருந்தது அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் மூன்று பள்ளிகளில் பிள்ளைகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்று, ஊசி இல்லை என்றதும் குஷியாகத் திரும்பிப் போனார்கள்.

(முந்தைய வரைவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. எடுத்துவிட்டேன். அழ வைக்கத் தோன்றும்போதெல்லாம் குழந்தைக்குக் காய்ச்சல் கொடுப்பது என் பழைய வியாதி. நிஜத்தில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம், அவ்வளவுதான்.)

திங்கட்கிழமை தர அதிகாரி வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கும் அம்மாள். கோபப்படாதவர், அதனாலேயே எல்லாருக்கும் பயம். ஏழாம் அறைக் கோப்பில் பொறுத்திருக்க வேண்டிய நேரம் தொண்ணூறு என்று இருந்தது. எழுதியது யார் என்று பதிவைக் கேட்டார். சின்னவள் என்றது பதிவு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்து விளக்கம் சொல்லச் சொன்னார். அவரிடம் ஒரு படிவம் இருந்தது. அதில் "காரணமானவர்" என்ற இடத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் கட்டம். அந்தக் கட்டத்தில் ஏறிய பெயர் அதன் பிறகு அந்த அலுவலகத்தில் நீடித்ததாகச் சரித்திரம் இல்லை.

சின்னவளுக்குத் தான் எழுதவில்லை என்பது உறுதி. சீப்பு எண்களைத் தொடாது. வாருவதற்கு முன்னால் அந்த வரி யாருடையது என்று பார்க்க இன்னும் ஒரு கட்டளை போதும். போட்டாள். வாரியதற்கு ஐந்து நாள் முந்தைய வெள்ளிக்கிழமை, ஐந்தைத் தொண்ணூறாக்கியவர் பெயர் வந்தது.

பூட்டு.

முதலில் அவளுக்கு நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அப்புறம் வெட்கப்பட்டாள். ஆறு நாற்காலி தள்ளி ஜன்னலோரம் அவன் முதுகு தெரிந்தது. விசாரணைக் கடிதம் மாடியில் எல்லாருக்கும் போயிருந்தது, அதில் தொண்ணூறு என்ற எண்ணும் இருந்தது. இதோ எழுந்து வருவான் என்று காத்திருந்தாள். அவனும் எழுந்து வந்தான். "சாப்டியா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

பதிவில் கிடைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தாள். திங்கள் போயிற்று.

இங்கே ஒரு சின்ன விஷயம். மாமியார் எதிரில் அவள் அவனை "நீங்க" என்பாள். தனியாக இருந்தால் "நீ". வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். செவ்வாய்க்கிழமை காலையில், தங்கள் அறையில், கதவு சாத்தியிருக்கும்போது, "உங்க துண்டு கட்டில் மேல இருக்கு" என்றாள். அவன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குளிக்கப் போய்விட்டான்.

4

இந்த இடத்தில் எனக்கு எழுத்து நின்றுவிட்டது. நாலு நாள். எழுந்து நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், பேனாவை மாற்றுவேன். பூட்டை எனக்குப் பதினான்கு வருடமாகத் தெரியும். இந்தக் கதையில் வரும் பூட்டைத் தெரியவில்லை.

எழுதியவரைக்கும் என் கணவரிடம் படித்துக் காட்டினேன். நகம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"என் தம்பிய வில்லன் ஆக்கிடாத."

"நான் எங்க ஆக்கினேன். அவர்தான் வாயே திறக்கலையே."

"அவன் எப்ப திறந்தான்? அவன் லவ் பண்றத அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொன்னதே நான்தான்."

"தெரியும். நீங்க பேச ஆரம்பிச்ச விதத்துல, உங்களுக்காகத்தான் கேக்கறீங்கன்னு அவ பயந்துட்டா."

அவர் நகம் வெட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

பூட்டின் மௌனத்துக்குக் காரணங்களை எழுதிப் பார்த்தேன். அவன் கோழை. எழுதினேன்; பேனா கசந்தது. அவனுக்குத் தன் வரி என்றே தெரியாது. இது வசதியான காரணம், ஆனால் அவன் தன் வேலையை அப்படி மறக்கிறவன் இல்லை. அவள் மாட்டிக்கொண்டதில் அவனுக்கு உள்ளூர ஒரு

# இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அடிக்கவும் மாட்டேன். ஒரு நிமிடம் எனக்கு அப்படித் தோன்றியது என்பது இருக்கட்டும்.

5

புதன்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் சின்னவள் அந்தப் பழைய கோப்பை முழுதாகத் திறந்தாள். அதுவரை பதிவு காட்டிய ஒரு வரியைத்தான் பார்த்திருந்தாள், ஒரு பெயரைத்தான் படித்திருந்தாள்.

அறை 7 {
    குளிர் = 4
    பொறுத்திரு = 90
    அழை = காவலாளி
    # மறக்காதே: கதவு வேலை முடிந்ததும் 5
}

பூட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. தற்காலிகமாக எதை மாற்றினாலும் அந்தப் பகுதியின் கடைசியில், அடைப்புக்குறி மூடுவதற்கு முன்னால், மறக்காதே என்று தொடங்கி ஒரு குறிப்பு எழுதுவான். திங்கட்கிழமை காலை வந்ததும் முதல் வேலையாக எல்லாக் கோப்பிலும் மறக்காதே என்ற வார்த்தையைத் தேடுவான். அகப்பட்டதை முடிப்பான். அகப்படாதது முடிந்துவிட்டது என்று அர்த்தம். தன் ஞாபகத்தை நம்பாமல் அந்த வார்த்தையை நம்பினான். மூன்று வருடத்தில் அது அவனைக் கைவிட்டதில்லை.

ஏழாம் அறையின் கதவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் மணி அடித்துக் காவலாளி ஓடிவர வேண்டியிருந்ததால் ஐந்தைத் தொண்ணூறாக்கினான். குறிப்பும் எழுதினான். அடுத்த திங்கட்கிழமை குறிப்பு அகப்பட்டது. வேலை முடியவில்லை, விட்டுவைத்தான். புதன்கிழமை சீப்பு வாரியது. வியாழக்கிழமை கதவு வேலை முடிந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. மாற்றியிருப்பேன் போல என்று நினைத்துத் தேநீர் குடிக்கப் போனான்.

குறிப்பு தனக்குக் கீழே வரும் வரிக்குச் சொந்தம் என்பது சின்னவள் வைத்த விதி. இந்தக் குறிப்புக்குக் கீழே வரி இல்லை. மூடும் அடைப்புக்குறிதான் இருந்தது. யாரோடு கட்டுவது என்று தெரியாமல் சீப்பு அதைக் கீழே போட்டுவிட்டது. அவள் சோதித்த குறிப்புகள் எல்லாம் வரிகளுக்கு மேலே இருந்தவை, ஏனென்றால் அவள் எழுதினால் மேலேதான் எழுதுவாள். தன் பழக்கத்தை மட்டும் சோதித்திருந்தாள். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் பட்டியலில்கூடப் பூட்டு கடைசிக்கும் கடைசியில், காகிதம் முடியும் விளிம்பில்தான், பல்பு, ஷூ கயிறு என்று எழுதுவான். எட்டு மாதமாகத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பால் எடுத்தாள்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அவன் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அப்போதுதான் யோசித்தாள். அந்த வரி என்னுடையது என்பான். ஏன் திருப்பி மாற்றவில்லை என்று அதிகாரி கேட்பார். குறிப்பு எழுதினேன் என்பான். எங்கே அந்தக் குறிப்பு என்பார். அதற்கு மேல் அவன் பேச வேண்டியதில்லை, எல்லார் கண்ணும் சீப்பின் மேல் திரும்பிவிடும். அவன் பேசினாலும் அவள் மாட்டுவாள், பேசாவிட்டாலும் அவள்தான்.

அவளைக் காப்பாற்ற வழி தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தானா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொண்டிருந்தானா? இரண்டு மௌனமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

# இந்தக் கேள்வியை அவளே என்னிடம் கேட்டாள், நாலாவது உறையை மடிக்கும்போது. எழுதினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

பிறகு அவள் செய்ததை நான் எந்தக் கதாநாயகியையும் செய்யவிட்டதில்லை. அழவில்லை, அவனிடம் ஓடவும் இல்லை. வாருவதற்கு முன்னும் பின்னுமான கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொலைந்த குறிப்புகளை எண்ணினாள். அறுபத்தொன்று. ஒவ்வொன்றாகப் படித்தாள்.

# இந்தக் காவலாளிக்குக் காது மந்தம், இரண்டு முறை அடிக்கட்டும்
# பூக்காரர் சண்டைக்கு வருவார், இதற்குக் கீழே இறக்காதே
# ஏன் 11 என்று தெரியவில்லை, ஆனால் 10 போட்டால் நின்றுவிடுகிறது
# என் கடைசி நாள். அடுத்து வருகிறவர் என்னை மன்னிக்கவும்

இவற்றில் எது இல்லாமல் எந்த அறையில் எப்போது என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை பதினோரு மணிவரை அவற்றை அப்படியே விட்டுவைக்க முடியாது. அறுபத்தொன்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். ஏழாம் அறையில் தொண்ணூறை ஐந்தாக்கினாள். ஏன் என்று கேட்கும் இடத்தில், "என் கருவி அழித்த குறிப்புகள். திரும்ப வைக்கிறேன்" என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். மணி நாலு. இனிமேல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நாலே கால் இருக்கும், பூட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

"அறுபத்தொண்ணும் வெச்சிட்டியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எண்ணிக்கையை அவள் எங்கும் எழுதவில்லை.

"எப்ப எண்ணினீங்க?"

"திங்கக்கெழம."

"மூணு நாளாச்சு."

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீ கேப்பேன்னு நெனச்சேன்" என்றான். அவன் கை மேசையில் கிடந்த காகிதக் கவ்வியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு நான் முதல்ல பேசிடறேன். என் வரி, நான் மறந்துட்டேன். அவ்ளோதான். சீப்பு பத்தி வேணாம்."

"அந்தக் கட்டத்துல ஒரு பேருதான் எழுதுவாங்க."

"தெரியும்."

"அப்ப நான்தான் முதல்ல பேசணும்."

அவ்வளவுதான் அன்று அவர்கள் பேசியது. பேருந்தில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து வந்தாள். இடம் இருந்தும் அவன் நின்றுகொண்டே வந்தான்.

6

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் அந்தக் கண்ணாடி அறைக்குள் போனார்கள். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனாகப் போனான். அந்த அறையின் திரை பாதிவரைதான் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மூன்று ஜோடி கால்கள் மட்டும் தெரிந்தன. பதினொன்று நாற்பதுக்கு வெளியே வந்தார்கள். அதிகாரி படிவத்தை உறையில் போட்டு ஒட்டி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். முடிவு ஒரு மாதத்துக்குள் கடிதமாக வரும். இதை நான் எழுதும் இன்று பத்தொன்பதாவது நாள். வாசல் மணி அடித்தால் இந்த வீட்டில் மூன்று பேர் எழுந்திருக்கிறோம். மாமியார் மட்டும், எல்லாருக்கும் என்ன ஆச்சு, யாராவது வர்றாங்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கட்டத்தில் ஏறியது யார் பெயர் என்று தெரிய வேண்டுமானால், உள்ளே யார் முதலில் வாய் திறந்தார்கள் என்று தெரிய வேண்டும். தெரியாது. அதனால் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார். சின்னவள் மூச்சை இழுத்தாள். அவள் பேசுவதற்குள், யாரும் எதிர்பார்க்காத உரத்த குரலில் பூட்டு சொன்னான்: "அந்த வரி நான் எழுதினது மேடம்." அவன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

(ஆ) அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொள்வதற்கு முன்பே சின்னவள் அறுபத்தொரு குறிப்புகளையும் அச்செடுத்த காகிதத்தை மேசையில் வைத்தாள். "இதெல்லாம் என் கருவி அழிச்சது மேடம். முதல்ல இதைப் படிங்க, அப்புறம் பேசலாம்." பூட்டு திறந்த வாயை மூடிக்கொண்டான்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள் என்று எழுதியிருந்தால் என் வாசகிகளுக்குப் பிடித்திருக்கும். எழுதக் கை வரவில்லை.

இதற்கு முன்பே ஒரு வரைவைச் சின்னவளிடம் கொடுத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அடைப்புக்குறிகள் இல்லாமல், தயக்கங்கள் இல்லாமல், தொடக்கம் நடு முடிவு என்று வகிடெடுத்து வாரிய வரைவு. அவள் படித்துவிட்டு, "எல்லாம் நேரா இருக்குக்கா. ஆனா நான் சொன்னதுல பாதி காணோம்" என்றாள். அன்றிலிருந்துதான் எதையும் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்து "ஆகவே" உட்பட.

இந்த வரைவை இரண்டு முடிவுகளோடு சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, யாருக்கு எது சரியில்லையோ அடித்துக்கொள்ளலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தேன். இரண்டு முடிவுகளும் அடிபட்டிருந்தன.

அடித்தது இரண்டு கை. (ஆ) மேல் அளவுகோல் வைத்தது போன்ற நேர்க்கோடு, வரிக்கு ஒன்று; அது சின்னவள். (அ) மேல் மூலைக்கு மூலை ஒரே கோணல் கோடு, பென்சில் முனை உடைந்த பொடியோடு, அது பூட்டு. அவள் முதலில் பேசியதாக நான் எழுதியதை அவள் அடித்திருக்கிறாள். அவன் பேசியதாக எழுதியதை அவன் அடித்திருக்கிறான்.

சின்னவளிடம் போனேன். அப்படியென்றால் முதலில் பேசியது யார் என்று கேட்டேன். "அவரைக் கேளுங்கக்கா" என்று பாத்திரத்தைத் துடைத்தாள். அவனிடம் போனேன். பூட்டு என்னைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "அவளக் கேளுங்க அண்ணி."

ஆக, நான் முடிவு எழுத வழியில்லை. எழுதிய இரண்டையும் அவர்கள் அடித்துவிட்டார்கள். கடிதம் வரும்போது ஒரு பெயர் தெரியும். ஆனால் அது அதிகாரி கட்டத்தில் எழுதிய பெயர். பதிவு காட்டிய பெயரை நம்பித்தானே இந்தக் கதையே ஆரம்பித்தது. உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். சமக்குறிக்கு அந்தப் பக்கம் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் என்ன எழுதினாலும் நான் வார மாட்டேன். எழுதுவதற்கு முன்னால் கடைசி வரியையும் படித்துவிடுங்கள். அதற்குக் கீழே வேறு வரி இல்லை.

வியாழக்கிழமை {
    முதலில் பேசியவர் =
    # மறக்காதே: அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், மாமியார் எதிரிலேயே, "நீ கை கழுவிட்டு வா, சாப்பாடு போடறேன்" என்றாள்
}